தட்டிப் பார்க்கிற ஊருக்கு வந்த பந்து

வட்டமாக இருக்கும், வட்டம் தெரியாது. அடித்தால் அழாது, அணைத்தால் தங்காது. பூட்டி வைத்தால் செத்துப்போகும், அடுத்தவர் கையில் போட்டால் பிழைத்துக்கொள்ளும். அது என்ன?

அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். சாத்தன்குறிச்சியில் இந்த விடுகதையைப் போட்டால் யாரும் உடனே விடை சொல்ல மாட்டார்கள். போட்டவர் ஏன் போட்டார், விடை தெரிந்தால் அவருக்கு என்ன ஆகப்போகிறது என்றுதான் முதலில் யோசிப்பார்கள். எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்காத ஊர் அது. பானையைத் தட்டுவார்கள், தேங்காயைத் தட்டுவார்கள், தர்பூசணியைத் தட்டுவார்கள், இதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. இவர்கள் வாடகை வீடு பார்க்கப் போனால் நான்கு சுவரையும் தட்டுவார்கள், பெண் பார்க்கப் போனால் அந்த வீட்டுக் கதவை உள்ளே போகும்போது ஒரு தரமும் வெளியே வரும்போது ஒரு தரமும் தட்டுவார்கள், ஊருக்குப் புதுப் பேருந்து வந்த அன்று வரிசையில் நின்று அதன் விலாவைத் தட்டிவிட்டுத்தான் ஏறினார்கள். சத்தம் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள்; எடுத்துக்கொண்ட பிறகும் சந்தேகத்தை விட மாட்டார்கள், அதையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துப்போவார்கள்.

இந்த ஊர்ப் பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணி நாற்பத்தொரு ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றிருந்தது. கடைசி ஆட்டத்தில் எதிரணி எழுபத்தெட்டு, இவர்கள் ஆறு; அந்த ஆறிலும் இரண்டு, எதிரணிப் பெண் ஒருத்தி திசை மறந்து தன் கூடையிலேயே போட்டது. அப்படிப்பட்ட அணிக்குப் பயிற்சியாளராக ஒரு ஜூன் மாதத்தில் மரிய புஷ்பம் வந்து இறங்கினாள், ஒரு பெட்டி, ஒரு விசில், ஒன்பது வயது மகள் அமலி ஆகிய மூன்றுடன்.

முதல்வர் அம்மாள் அவளை உட்காரச் சொல்லிவிட்டு விஷயத்தைத் திறந்து சொன்னார். கல்லூரிப் பேருந்துகளை நிறுத்த இடமில்லை. கூடைப்பந்து மைதானத்தின் மேல் கொட்டகை போட நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. மார்ச்சில் நடக்கும் மண்டலக் கோப்பையை ஜெயித்தால் மைதானம் மைதானமாக இருக்கும், புஷ்பத்தின் வேலையும் நிரந்தரமாகும். இல்லாவிட்டால் ஏப்ரலில் தகரம் வந்துவிடும்.

வாசலில் செருப்போடு நின்றிருந்த அமலிக்கு எல்லாம் காதில் விழுந்தது. அவளுக்கு இது ஆறாவது ஊர், ஆறாவது பள்ளிக்கூடம். ஒவ்வொரு ஊரிலும் புஷ்பத்துக்கு ஒரு வருட வேலைதான் கிடைத்தது. ஒவ்வொரு ஊரிலும் பெட்டியைத் திறக்கும்போது அம்மா, "இனிமே இங்கதான்டி" என்பாள். ஒவ்வொரு ஊரிலும் மே மாதத்தில் பெட்டி மூடப்பட்டது. ஆகவே சாத்தன்குறிச்சியில் அம்மா அதைச் சொல்ல வாயெடுத்ததும் அமலி காதைப் பொத்திக்கொண்டாள். அந்த ஊரிலேயே பிறந்த பிள்ளை மாதிரியே இருந்தாள் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் புஷ்பம் உடற்கல்வி இயக்குநர் சொர்ணலதாவிடம் போய்ப் பந்து கேட்டாள். சொர்ணலதாவைக் கல்லூரியே பி.டி. மேடம் என்று அழைக்கும். இடுப்பில் சாவிக்கொத்து, பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி, அலமாரிக்குள் ஏழு பந்துகள், ஒன்பது வருடத்துக்கு முன் ஆய்வுக் குழு வரப்போகிறது என்று வாங்கியவை, பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை.

"ஆய்வுக் குழு பார்த்துட்டுப் போகட்டும் மேடம். அப்புறம் தாராளமா எடுத்துக்கோங்க."

"எப்ப வர்றாங்க?"

"வரலாம்."

"ஒம்பது வருஷமாவா?"

"இந்த வருஷம் வந்து, பந்து எங்கேன்னு கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா?" என்றார் பி.டி. மேடம், சாவிக்கொத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு. புது ஆள் பந்து கேட்கிறாள் என்றால் பந்தோடு போய்விடவும் கூடும் என்பது அவருடைய எண்ணம்.

அதுவரை அணி ஆடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வழுக்கைப் பந்தை வைத்து. அது அந்த வாரமே முள்வேலியில் விழுந்து வெடித்தது. அதனால் புஷ்பம் பந்து இல்லாமலே பயிற்சியைத் தொடங்கினாள்.

விடியற்காலையில் பன்னிரண்டு பெண்கள் வெறுங்கையால் தரையைத் தட்டிக்கொண்டு மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினார்கள், வெறுங்கையிலிருந்து வெறுங்கைக்கு ஒன்றுமில்லாததை எறிந்தார்கள், எறிந்ததை ஒருத்தி தவறவிட்டால் புஷ்பம் விசிலடித்து, "முனீஸு, கீழ விழுந்துருச்சு, போய் எடு" என்பாள். அணித் தலைவி முனீஸ்வரி, ஆறடிக்கு ஒரு விரல் குறைந்தவள், வேலி ஓரம் போய்க் குனிந்து ஒன்றுமில்லாததை எடுத்து வருவாள். பால் கறக்கப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். "கூடைப்பந்து டீச்சரா, இல்ல நாடக டீச்சரா?" என்று கேட்டார்கள். அஞ்சு ஊரில் தங்காதவள் என்றால் அஞ்சு ஊரிலும் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். புஷ்பம், இன்னும் கொஞ்சம் தாழ, இன்னும் கொஞ்சம் வேகமாக, கண்ணால் தேடாதே, கையால் தேடு என்று மட்டும் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஜூலை முழுவதும், ஆகஸ்டில் பாதியும்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை, அணியில் எல்லாரையும்விடக் குட்டையான ஜன்னத் தரையைத் தட்டியபோது, தொம் என்று கேட்டது.

ஜன்னத் நிற்கவில்லை, நின்றால் புஷ்பம் திட்டுவாள். தொம், தொம், தொம் என்று கொண்டுபோய் முனீஸ்வரிக்கு எறிந்தாள். அது முனீஸ்வரியின் நெஞ்சில் பட்டு, "எம்மா" என்று அவள் பின்னால் சாய்ந்தாள்.

சத்தம் ஊருக்குக் கேட்டது. எட்டு மணிக்குள் மைதானத்தைச் சுற்றிக் கூட்டம். புஷ்பம் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் மூக்கையா, முப்பத்தைந்து வருடம் தபால்காரராக இருந்தவர், பார்சலைத் தட்டிப் பார்த்தே உள்ளே பலகாரமா மருந்தா என்று சொல்லக்கூடியவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஜன்னத் தன் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். மூக்கையா அந்தக் கைகளுக்கு நடுவே விரலை மடக்கி மூன்று முறை தட்டினார். மூன்று முறையும் சத்தம் வந்தது. காதை வைத்துக் கேட்டார்.

"உள்ளே காத்து இருக்கு," என்றார். "காத்துக்கு வெளியேதான் என்ன இருக்குன்னு தெரியல."

தட்டினால் சத்தம் வருகிறது; அதற்கு மேல் அந்த ஊரில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. சந்தேகத்தோடு சேர்த்து அதை எடுத்துக்கொண்டார்கள். பந்து ஏன் வந்தது, எப்படி வந்தது என்று பேசியது இரண்டு நாள். அதை எங்கே தட்டலாம், எங்கே தட்டக்கூடாது என்று பேசியது ஆறு மாதம். டீக்கடை அய்யனார், பால் சட்டி இருக்கிற பக்கம் கொண்டுவராதீர்கள் என்று சாக்பீஸால் கோடு போட்டார். மினி பஸ் நடத்துநர், "பந்தை மடியில வச்சுக்கம்மா, போன தடவை உருண்டு போய் டிரைவர் காலுக்குள்ள மாட்டிக்கிச்சு" என்றார். திருவிழாக் கமிட்டி, தேர் வரும் தெருவில் மூன்று நாள் அதை உருட்டக்கூடாது என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டது. தெருவில் போகிறவர்கள் கையை நீட்டினால் பெண்கள் எறிவார்கள். காய்கறிக்காரி ஒரு தரம் பிடித்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி எறிந்தாள், பல் டாக்டர் பிடித்தார், பள்ளிவாசல் மோதினார் பிடித்தார், தொட்டிலில் கிடந்த குழந்தைகூடக் கையை நீட்டி ஒரு நிமிடம் வைத்திருந்து சிரித்தது. பிடித்தவர்கள் எல்லாரும் சூடாக இருக்கிறது என்றார்கள். பிடித்துவிட்டுப் போகும்போது, "எதுக்கும் கொஞ்சம் பார்த்து இருங்க" என்றும் சொன்னார்கள்.

பி.டி. மேடம்கூடப் பிடித்தார். அதற்குப் பிறகு அவருக்கு என்ன தோன்றியதோ, முதல் ஆட்டத்துக்கு முந்திய நாள் அலமாரியைத் திறந்து ஏழு பந்துகளையும் உறை பிரித்தார். ஏழும் சப்பையாக இருந்தன. காற்றடித்தால் தையல் விட்டது, தோல் அப்பளம் மாதிரி நொறுங்கி மடியில் விழுந்தது. அவர் வெகுநேரம் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அமலி மட்டும் கையை நீட்டவில்லை.

"உங்கம்மா பந்தை நீ பிடிச்சதே இல்லையா?" என்று வகுப்பில் கேட்டார்கள்.

"பந்தே இல்லை. எல்லாரும் சேர்ந்து நடிக்கிறீங்க."

"பைத்தியமா பிள்ளே? சத்தம் கேக்குதுல்லா?"

"சத்தம் வாயால யாரும் போடலாம்."

அவள் தன் கைகளைப் பள்ளிச் சீருடைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் மைதானத்துப் பக்கம் போவாள். இரவுச் சாப்பாட்டில் ஒரு நாள் நேராகவே கேட்டாள். "அம்மா, நிஜமா பந்து இருக்கா, இல்லையா?"

புஷ்பம் ரசத்தைக் கலக்கினாள். "உனக்கு வந்து சேரும்போது நீயே சொல்லு."

"எனக்கு நீ போடவே இல்லையே."

"கையை வெளியே எடு, போடுறேன்."

அமலி கையை எடுக்கவில்லை. இல்லாத ஒன்றுக்குக் கையை நீட்டி, ஐந்து ஊரில் ஏமாந்தது போதும் என்று இருந்தாள். அம்மா சொன்ன ‘இனிமே இங்கதான்’ என்பதும் இதே போல்தான் கண்ணுக்குத் தெரியாமல் வந்தது, அதையும் அவள் நம்பித்தான் பிடித்தாள். ஆனாலும் இந்த ஊர் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஒரே பெஞ்சில் உட்கார இரண்டு தோழிகள் கிடைத்திருந்தார்கள். அதுவே அவளுக்கு அதிக பயமாக இருந்தது.

ஆட்டங்கள் தொடங்கின. ஆட்டத்துக்கு ஆட்டப் பந்து என்று நடுவர் கொடுக்கும் பந்து ஒன்று உண்டு, எல்லார் கண்ணுக்கும் தெரிவது. ஆனால் இவர்களுடைய பந்தும் கூடவே வந்தது. வராதே என்றால் நிற்கவில்லை. எதிரணிப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் தொம் என்ற சத்தம் கேட்டுத் திரும்புவார்கள், முனீஸ்வரி எதையோ பிடிப்பதைப் பார்த்து அவளை மூன்று பேர் வளைப்பார்கள், அந்த நேரத்தில் ஆட்டப் பந்தோடு ஜன்னத் அந்தப் பக்கமாகப் போய்க் கூடையில் போட்டுவிடுவாள். முதல் ஆட்டத்தில் நான்கு பாயின்ட்டில் தோற்றார்கள். இரண்டாவதில் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு தோற்கவில்லை.

புஷ்பம் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் பெண்களைச் சுற்றி நிறுத்தி அதையே சொல்வாள்: "கூடையில விழுறது நடுவர் கொடுத்த பந்தா மட்டும்தான் இருக்கணும். நம்ம பந்து கைக்கு. கூடைக்கு இல்லை. கேட்டுச்சா முனீஸு?"

"கேட்டுச்சு மேடம்."

தோற்ற கல்லூரிகள் சும்மா இருக்கவில்லை. ஆட்டத்தில் இரண்டு பந்து இருக்கிறது என்று புகார் எழுதினார்கள். நடுவர்கள் வந்து, எங்கே இரண்டாவது பந்து, காட்டுங்கள் என்றார்கள். காட்ட முடியவில்லை. புகார் எழுதியவர்களே தங்கள் கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள்.

மார்ச் மாதம், மண்டலக் கோப்பையின் இறுதி ஆட்டம் சாத்தன்குறிச்சியிலேயே நடந்தது. எதிரணி, ஒன்பது வருடமாகக் கோப்பையை வைத்திருந்த நகரத்துக் கல்லூரி. அதன் பயிற்சியாளர் ஞானதுரை, சாத்தன்குறிச்சிக்காரர்களையே மிஞ்சிய சந்தேகக்காரர். அவர் வந்ததும் வளையத்தின் உயரத்தை அளந்தார், வலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பிறகு பாயின்ட் அட்டை திருப்பும் மேசைக்கு வந்தார். கம்பத்துக்கு நேர் பின்னால் இருந்த மேசை அது.

"அட்டை திருப்புறது யாரு?"

"எங்க ரெண்டாம் வருஷப் பொண்ணு சார்."

"அந்தப் பந்தைப் பிடிச்சவளா?"

"ஊரே பிடிச்சிருக்கு சார்," என்றார் பி.டி. மேடம்.

"அப்ப ஊர்க்காரங்க யாரும் வேண்டாம். என் ஆளை நீங்க ஒத்துக்க மாட்டீங்க. உங்க ஊர்ல அந்தப் பந்தைப் பிடிக்காத கை ஒண்ணாவது இருக்கா? இருந்தா கூட்டிட்டு வாங்க."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. மூக்கையாதான் கையைக் காட்டினார். "ஒண்ணு இருக்கு. ஆனா அது கோச் மேடத்து மக."

ஞானதுரை அமலியின் முன்னால் குனிந்தார். "உங்கம்மாகிட்ட கண்ணுக்குத் தெரியாத பந்து ஒண்ணு இருக்காமே, பாப்பா?"

"இல்லை," என்றாள் அமலி. "பொய்."

"இது போதும்," என்று ஞானதுரை நிமிர்ந்தார். "பெத்த அம்மாவையே நம்பாத பிள்ளை. இதைவிட நல்ல ஆள் எனக்குக் கிடைக்காது."

அப்படித்தான் அமலி மேசையில் உட்கார்ந்தாள். பைக்குள்ளிருந்து கையை எடுத்து அட்டையில் வைத்தாள். நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஊர் கடையை அடைத்துவிட்டு வந்து வேலியோரம் நின்றது, சுவர்மேல் உட்கார்ந்தது, கல்லூரிப் பேருந்துகளின் கூரைமேல் ஏறியது. அமலி ஒரு அட்டைகூடத் தவறாகத் திருப்பவில்லை. இவர்கள் போட்டால் இவர்களுக்குத் திருப்பினாள், அவர்கள் போட்டால் அவர்களுக்குத் திருப்பினாள், இவர்களுக்குத் திருப்பும்போது வேகமாகவும் அவர்களுக்குத் திருப்பும்போது மெதுவாகவும் தன் கை போவதை மட்டும் அவளால் தடுக்க முடியவில்லை.

ஆட்டம் முடிய ஆறு விநாடி இருந்தபோது அட்டையில் நகரத்துக் கல்லூரி ஐம்பது, சாத்தன்குறிச்சி நாற்பத்தொன்பது.

சூரியன் மேற்குக் கூடைக்குப் பின்னால் இறங்கி எல்லார் கண்ணிலும் அடித்தது. ஜன்னத் ஆட்டப் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாகப் பாய்ந்து வந்து, இரண்டு பேர் கைகளுக்கு மேலாகக் கூடையை நோக்கி எறிந்தாள். அதே நொடியில் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற முனீஸ்வரி, தன் அண்ணாந்த முகத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வெறுங்கைகள் இரண்டையும் கூடையை நோக்கி வீசினாள். வலை ஒரு பந்து நுழைந்தால் எப்படி வீங்குமோ அப்படி வீங்கி அடங்கியது. ஆட்டப் பந்து கம்பத்தடியில் விழுந்து உருண்டது. நேரம் முடிந்த மணி அடித்தது.

ஊர் கத்தியதில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. நகரத்துப் பெண்கள், போகவில்லை, போகவில்லை என்று கையை ஆட்டினார்கள். நடுவர் கண்ணைக் கசக்கினார். சூரியன் அவர் கண்ணையும் மறைத்திருந்தது. வலை ஆடியதை மட்டும் பார்த்திருந்தார். ஞானதுரையும் வலையைத்தான் பார்த்திருந்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. சூரியனுக்கு முதுகு காட்டி அமலி உட்கார்ந்திருந்த மேசைக்கு நடுவர் வந்தார்.

"பாப்பா, நீ நேர் கீழே இருந்தே. பந்து உள்ளே போச்சா?"

அமலி பார்த்திருந்தாள். ஆட்டப் பந்து வளையத்தைத் தொடாமல் வலையின் வெளிப்பக்கத்தை ஒட்டிக் கீழே போனதை அவள் பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு எதுவோ வலைக்குள்ளிருந்து நேராக இறங்கி, தரையில் ஒரு முறை எழும்பி, கூட்டத்தின் கூச்சலில் யாருக்கும் சத்தம் கேட்காமல் உருண்டு வந்து, மேசைக்கு அடியில் அவள் காலில் முட்டி நின்றது. எல்லாரும் சொன்ன மாதிரியே சூடாக இருந்தது. அவள் ஒரு கையை மேசைக்கு அடியில் விட்டாள். வட்டமாக இருந்தது; பொரிபொரியாக, நடுநடுவே பள்ளக்கோடுகளோடு இருந்தது. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். அவள் கைக்கு மட்டும் கேட்கிற மாதிரி அது பதில் சொன்னது.

அம்மா பொய் சொல்லவில்லை.

மேலே, அட்டையைப் பிடித்திருந்த மற்றக் கை அப்படியே இருந்தது. இரண்டு தாளைப் புரட்டினால் ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்று என்றால் மைதானம் இருக்கும், அம்மா இருப்பாள், ஏழாவது பள்ளிக்கூடம் இருக்காது. வேலியோரம் அவளுடைய இரண்டு தோழிகளும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "திருப்புடி அமலி, திருப்பு" என்று கத்தினார்கள். முனீஸ்வரி நடுக்கோட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அட்டையைப் பார்த்தார்கள். புஷ்பம் மட்டும் முனீஸ்வரியை ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு மகளைப் பார்த்தாள். எதுவும் சைகை காட்டவில்லை.

"என்ன பாப்பா? போச்சா, இல்லையா?"

அமலி அட்டையிலிருந்து கையை எடுத்தாள். குனிந்து, இரண்டு கைகளாலும் மேசைக்கு அடியில் இருந்ததை எடுத்து, நடுவருக்கு முன்னால் மேசைமேல் தொம் என்று வைத்தாள்.